மழைப்பூ கலந்த வெங்காயப் பாத்தி

பூவெங்காயக் கிழங்கு வேணும்னு சொல்லி அனுப்பியிருந்தீங்க. தர்றேன். வீட்டுக்குப் பின்னால ஒரு பாத்தி நெறையக் கெடக்கு, வந்து தோண்டிக்கிட்டுப் போங்க. ஆனா அதுக்கு முந்தி கொஞ்ச நேரம் ஒக்காந்து நான் சொல்றதக் கேக்கணும். போனப் பாத்துக்கிட்டே தலையாட்டுற ஆளுங்களுக்குக் கிழங்கு கெடையாது, இப்பவே சொல்லிட்டேன்.

கொஸ்லந்தைக்கு மேல இருக்குற பங்களாவுல பூந்தோட்ட வேலை பாத்து ரிட்டயர் ஆனவ நான். அந்தக் காலத்துல துரைமாரு இருந்த பங்களா, இப்ப வெள்ளைக்காரங்க வந்து தங்கிட்டுப் போற ஹோட்டல். நீங்களும் இப்ப அந்த மாதிரி பங்களாக்கள்லதான் வேலைக்குச் சேந்திருக்கீங்க. எப்படி நடுறது, எவ்வளவு எரு போடுறதுங்கிறதெல்லாம் தேடினா ஒங்களுக்கே கெடைக்கும். வெயில் படுற எடமா, தண்ணி நிக்காத மண்ணா இருந்தா அது பாட்டுக்கு வரும். நெருங்கிப் போனா பிரிச்சு நடுங்க. அவ்வளவுதான் அதுல வேலை. நான் சொல்ல வந்தது வேற.

இந்தப் பூவெங்காயம் ரொம்பப் பிந்திப் பூக்குற ஜாதி. வருஷத்துல முக்காவாசி வெறும் தாளாத்தான் நிக்கும். டேலியா பூத்து முடிஞ்சிரும். வறண்ட கச்சான் காத்து அடிச்சு மத்ததெல்லாம் கருகிப் போயிரும். அதுக்கப்பறம் ஐப்பசி மழை விழுந்து, தோட்டத்துல ஒரு பூவும் இல்லாத நேரமாப் பாத்துத் தண்டு எழும்பும். தேசிக்காய், எலுமிச்சங்காய்ம்பாங்களே, அந்தப் பருமனுக்கு ஊதா நெறத்துல உருண்டை உருண்டையா விரியும். எல்லங்கிற ஊரச் சுத்திப் பாக்கப் போற வெள்ளைக்காரங்க வழியில எறங்கி, மண்டி போட்டு ஒக்காந்து போட்டோ புடிப்பாங்க. அழகுதான், இல்லேங்கல. ஆனா பிந்திப் பூக்குற செடிய வச்சிருக்குறவங்களுக்கு ஒரு தொல்லை இருக்கு. பூ வர்ற வரைக்கும், பாத்தியில நிக்கிறது என்னன்னு வெறும் தாளப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும். தாள மட்டும் பாத்து முடிவு பண்ணினா ஏமாந்துருவீங்க.

எங்க பங்களாவுல வெங்காயப் பாத்திக்கு ஓரங்கட்டி வெள்ளை மழைப்பூ வச்சிருந்தாங்க. எனக்கு முந்தி வேலை பாத்தவங்க வச்சது. மழை விழுந்து ஒரு வெயில் அடிச்சா பொசுக்குன்னு பூக்கும். அதோட தாளையும் வெங்காயத் தாளையும் பக்கத்துல வச்சா கூடப் பொறந்தது மாதிரி இருக்கும். வெங்காயத் தாளத் திங்கலாம். அடர்ந்தா வெட்டி வீட்டுக்குக் கொண்டு போயி, நறுக்கி, தேங்காப்பூ போட்டு சுண்டிச் சாப்பிடுவோம். மழைப்பூவத் திங்கக் கூடாது. தாளும் நஞ்சு, கிழங்கு அதவிட நஞ்சு. இது எனக்கும் தெரியும், என்கூட வேலை பாத்த ஜெயந்திக்கும் தெரியும். தெரியாம நடந்த காரியமில்ல இது, அத மொதல்ல மனசுல வச்சுக்குங்க.

ஜெயந்தி லுணுகலைப் பக்கத்துல இருந்து எங்க தேயிலைத் தோட்டத்துக்கு வாக்கப்பட்டு வந்தவ. புருஷன் கொழும்புக்கு வேலைக்குப் போனவன், அங்கயே இன்னொருத்தியோட தங்கிட்டான். இவ போக்கிடம் இல்லாம மாமியாரோட ஒத்தை ரூம் காம்பராவுலேயே இருந்தா. வரிசையா ஒட்டிக் கட்டுன லயத்து வீடுங்கள்ல ஒரு விசேஷம்னா, ஒரு சாவுன்னா, பொம்பளைங்க சேந்துதானே சமைப்போம். இவ போயி அடுப்புப் பக்கம் நின்னா, "நீ இரு புள்ள, நாங்க பாத்துக்குறோம்"னு சிரிச்சுக்கிட்டே கரண்டிய வாங்கிருவாங்க. புருஷன் விட்டுட்டுப் போனவ கையால சமைச்சா ஆகாதாம். மொகத்துக்கு நேரா ஒருத்தியும் சொல்லமாட்டா. அந்தச் சிரிப்பப் பாக்கும்போதெல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வரும். அவளுக்குச் சோறு இல்லாமப் போயிறல, சம்பளம் வந்துச்சு. ஆனா தன் கையால ஒரு வாய் அடுத்தவங்களுக்குக் குடுக்க முடியாம ஒரு லயத்துல கெடக்குறது எப்பேர்ப்பட்ட வேதனைன்னு பட்டவங்களுக்குத்தான் தெரியும்.

ஐப்பசி மழை விடாம அடிச்ச ஒரு வாரத்துல மகேஸ்வரியோட புருஷன் செத்துப்போனான். சின்ன வயசு. மலையில வேலை பாத்துக்கிட்டிருந்தவன் நெஞ்சப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்தான், எந்திரிக்கல. மகேஸ்வரிக்கு ஒரே மக, துர்கான்னு பேரு, அப்பதான் ஸ்கூல்ல சேத்திருந்தாங்க.

செத்த வீட்டுல அடுப்புப் பத்த வைக்கிறதில்லை, ஒங்களுக்கே தெரியும். பக்கத்துல இருக்குறவங்கதான் சமைச்சுப் போடணும். அந்த லயத்துல முக்காவாசிப் பேரு செத்தவனுக்குப் பங்காளிங்க, அவங்களுக்கும் தீட்டு. மிஞ்சினவங்கள்ல ஒருத்தி வயித்துப் புள்ளக்காரி, இன்னொருத்தி படுத்த படுக்கை. கடைசியில மகேஸ்வரியே சொல்லி அனுப்பினா, "ஜெயந்தியக்கா சமைக்கட்டும்"னு.

காலையில கொட்டுற மழையில சாக்கத் தலையில போட்டுக்கிட்டு பங்களாவுக்கு வந்தா ஜெயந்தி.

"பாக்கியக்கா, மண்ணு சரிஞ்சு ரோட்டு அடைச்சிருச்சு, மரக்கறி லொறி வரல. பருப்பும் கொஞ்சம் உருளைக்கெழங்கும்தான் இருக்கு. வெளித் தோட்டத்துல இருந்தெல்லாம் சனம் நடந்தே வந்திருக்கு. வெங்காயத் தாள் கொஞ்சம் வெட்டிக்கவா?"

"கேக்கணுமா? மேப் பாத்தியில வெட்டிக்க. நடுவுல வெட்டு, ஓரத்துப் பக்கம் போயிறாத."

"தெரியாதாக்கா எனக்கு?"

சாவு வீட்டு நாள்ல சந்தோஷப்படக் கூடாதுன்னு மொகத்த அடக்கி வச்சிருந்தா பாவம். ஆனா எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வெட்டி, கட்டுக் கட்டி, மூக்குகிட்ட வச்சு மணந்து பாத்துட்டுத்தான் எடுத்துக்கிட்டுப் போனா. நான் என் கண்ணால பாத்தேன்.

நான் மொத நாளே போயி பொணத்தப் பாத்துட்டு வந்திருந்தேன். ரோட்டு அடைச்சதுல போக முடியாம பங்களாவுல ஆளுங்க தங்கிட்டாங்க, அதனால அன்னைக்கு வேலைய விட்டு வர முடியல. மத்தியானம் போல மழை விட்டு சுள்ளுன்னு வெயில் அடிச்சது. வாய்க்கால்ல மண்ணு அடைச்சிருக்கான்னு பாக்க மேப் பாத்திப் பக்கம் போனேன். ஜெயந்தி வெட்டுன வரிசை முடியிற எடத்துல, வெங்காயத்துக்கு நட்ட நடுவுல, வெள்ளையா நாலஞ்சு பூ விரிஞ்சிருக்கு.

மண்டி போட்டு, அவ வெட்டுன அடித்தட்டையெல்லாம் நசுக்கி நசுக்கி மணந்து பாத்தேன். ஒன்னு மணத்துச்சு. அடுத்தது மணக்கல. அதுக்கடுத்ததும் மணக்கல. காட்டுப்பன்னி வந்து கெளறின வருஷம், சிதறிக் கெடந்த மண்ண அள்ளிப் பாத்தியிலதான் போட்டோம். அதோட மழைப்பூக் கிழங்கும் உள்ள போயி, சத்தமில்லாமப் பெருகியிருக்கு. வெங்காயம் பூத்திருந்தா வித்தியாசம் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும். அதுதான் பூக்கலையே இன்னும்! கட்டா மணந்து பாத்தா பத்து வெங்காயத் தாளு மணம் போதும், நடுவுல இருக்குற மத்ததெல்லாம் வெங்காயமாத்தான் தெரியும்.

ஜெயந்திக்குப் போன் அடிச்சேன். அடிச்சுக்கிட்டே இருக்கு, எடுக்கல. கீழ தப்படிக்கிற சத்தம் எனக்கே கேக்குது, அங்க அவளுக்குப் போன் சத்தம் எங்க கேக்கப்போகுது? ஒரு மழைப்பூவ வேரோட புடுங்கிக் கையில எடுத்துக்கிட்டு தேயிலைக்குள்ள குறுக்குப் பாதையில எறங்கினேன். சறுக்கி விழுந்ததுல முட்டியெல்லாம் தோலு போச்சு, அது வீட்டுக்கு வந்தப்பறம்தான் தெரியும்.

எறங்கி வரும்போதே ஒரு திட்டம் போட்டுட்டேன். கால் தடுக்குன மாதிரி விழுந்து அந்தச் சுண்டல் இருக்குற தாச்சிச் சட்டியக் கவுத்துருவோம். 'பாக்கியம் கெழவிக்குக் கண்ணு தெரியல'ன்னு ஏசுவாங்க, ஏசிட்டுப் போறாங்க. விஷயம் எனக்குள்ளேயே செத்துரும், ஜெயந்தி தப்பிச்சுக்குவா. நல்ல திட்டம்னுதான் நெனச்சேன். சொல்லிட்டா என்னாகும்னு எனக்குத் தெரியும். சாவு வீட்டுச் சோத்துல நஞ்சு வச்சவன்னு அவ சாகுற வரைக்கும் சொல்லுவாங்க.

நான் போனப்ப ஆம்பளைங்க இன்னும் சுடுகாட்டுல இருந்து திரும்பல. ஜெயந்தி அடுப்பு மொன்னால நிக்கிறா. பொம்பளைங்க அவகிட்ட வந்து, "ஜெயந்தி, இன்னும் கொஞ்சம் அரிசி போடவா? இந்தப் பருப்ப எறக்கவா?"ன்னு கேக்குறாங்க. அவ பதில் சொல்லிக்கிட்டிருக்கா. அந்த லயத்துல அவள ஒருத்தர் ஒன்னு கேட்டு நான் பாத்தது அன்னைக்குத்தான்.

தாச்சியப் பாத்தேன். முக்காத் தாச்சி தாள் சுண்டல் இருந்துச்சு.

"யாராவது சாப்பிட்டாச்சா?"ன்னேன்.

"பெரியவங்க வந்து குளிச்சிட்டுத்தானே அக்கா சாப்பிடுவாங்க. சின்னதுங்களுக்கு மட்டும் குடுத்துட்டேன், பசி தாங்காதுல்ல."

என் திட்டம் அந்த எடத்துலேயே முடிஞ்சு போச்சு. புள்ளைங்களே, இத நல்லாக் கேட்டுக்குங்க. ஒரு தப்ப மூடி மறைக்கிறது சில நேரம் தர்மம்தான், நானும் மறைச்சிருக்கேன். ஆனா அது ஒரு உசுர்மேல பட்ட நிமிஷத்துல இருந்து மறைக்கிற உரிமை நமக்குக் கெடையாது. அன்னைக்கு எனக்குத் தாச்சியக் கவுக்கத்தான் ஆசை. அவ மொகத்தப் பாக்கப் பாக்க அந்த ஆசை கூடிக்கிட்டே போச்சு.

அவளத் தனியாக் கூப்பிட்டு கையில இருந்ததக் காட்டினேன். பாத்தா. தன் ரெண்டு கையையும் மூக்குகிட்ட கொண்டு போயி மணந்தா.

"மணந்து பாத்தேனேக்கா."

"கட்டா மணந்த. நானா இருந்தாலும் அப்படித்தான் செஞ்சிருப்பேன். இப்ப அழாத, வா."

தோட்டத்து மருந்துக்கார ஐயா துக்கத்துக்கு வந்து வெளிய நாக்காலியில ஒக்காந்திருந்தாரு. அது நாங்க செஞ்ச புண்ணியம். ரொம்பக் கொறச்சலாப் பேசுற மனுஷன். செடிய அவரு கையில குடுத்து விஷயத்தச் சொன்னேன். கிழங்கு, வேரு எல்லாத்தையும் திருப்பிப் பாத்தாரு. அதுக்குள்ள பக்கத்துல நின்ன ஒருத்திக்குக் காதுல விழுந்துருச்சு. "ஐயோ! யாருடி வெட்டுனது? எவடி சமைச்சது?"ன்னு மாருல அடிச்சுக்கிட்டுக் கத்துறா. இன்னொருத்தி ஒரு செம்பு உப்புத் தண்ணியக் கரைச்சுக்கிட்டு ஓடியாறா, வாந்தி எடுக்க வைக்கணுமாம்.

உப்புத் தண்ணி புள்ளைங்களுக்கு இன்னும் ஆபத்துன்னு ஐயா அந்தச் செம்ப வாங்கிக் கீழ ஊத்தினாரு. "யாரு வெட்டுனாங்கங்கிறது தெரிஞ்சு எந்தப் புள்ளைக்கும் சொகமாகப் போறதில்ல. எந்தெந்தப் புள்ள சாப்பிட்டுச்சு, எவ்வளவு சாப்பிட்டுச்சு? அதச் சொல்லத் தெரிஞ்ச ஆள் மட்டும் பேசுங்க."

எல்லாரும் ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாக்குறாங்க. பெத்தவளுங்க ஒப்பாரியில இருந்தாங்க, அவளுங்களுக்கு எப்படித் தெரியும்? ஜெயந்தி முன்னுக்கு வந்தா. இந்தப் புள்ள சுண்டலத் தொடவேயில்ல, ஒதுக்கி வச்சிருச்சு. இவன் ஒரு வாய். இவ பாதி. ஒவ்வொரு புள்ளையாச் சொன்னா. "துர்காதான் நெறையச் சாப்பிட்டா ஐயா. நல்லாருக்குன்னு கேட்டா, வச்சேன்."

அந்த மனுஷன் மட்டும் 'யாரு செஞ்சது'ன்னு மொதல்ல கேட்டிருந்தாருன்னா என்னாகியிருக்கும்? எல்லாரும் அவ மேல பாஞ்சிருப்பாங்க. அவ ஒன்னு வாயடைச்சு நின்னிருப்பா, இல்ல ஓடியிருப்பா. அந்தப் புள்ளைங்கள்ல எது எவ்வளவு சாப்பிட்டுச்சுன்னு சொல்லத் தெரிஞ்ச ஒரே ஆள இழந்திருப்போம். பங்களாவுல ஒங்களுக்கும் ஒரு நாள் இப்படி வரும். பூச்சி மருந்து கலந்ததுல தப்பு வந்திருக்கலாம், மரம் விழுந்து ஒருத்தன் அடியில கெடக்கலாம். என்ன, எவ்வளவு, எங்கன்னு கேளுங்க. யாருங்கிறது எங்கேயும் ஓடிறாது.

மகேஸ்வரிகிட்ட நான்தான் போயிச் சொன்னேன். தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு சுவத்துல சாஞ்சிருந்தா. புருஷனத் தூக்கிக்கிட்டுப் போனப்பகூட எந்திரிக்கத் தெம்பில்லாமக் கெடந்தவ. "மகேசு, துர்கா ஒரு நஞ்சுத் தாளச் சாப்பிட்டுருச்சும்மா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். வெட்டிக்கச் சொன்னது நான்தான்"னேன். வாசல்ல இருந்து ஜெயந்தி சொன்னா, "வெட்டுனதும் சமைச்சதும் நான்தான் மகேசு." மகேஸ்வரி எங்க ரெண்டு பேரையும் பாத்தா. அழல, ஏசல. எந்திரிச்சு முடிய அள்ளி முடிஞ்சுக்கிட்டு, "எங்க என் புள்ள?"ன்னு வெளிய வந்தா.

அதுக்குள்ள புள்ளைங்களுக்கு வாந்தி தொடங்கிருச்சு. சுடுகாட்டுல இருந்து ஈர வேட்டியோட வந்த ஆம்பளைங்க, வந்த கையோட புள்ளைங்களத் தோள்ல தூக்கிக்கிட்டு மண்ணு சரிஞ்ச எடத்தத் தாண்டி ஓடினாங்க. அந்தப் பக்கம் நின்ன லொறியில ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. மத்தப் புள்ளைங்க சேலைன் ஏத்தினதும் தெளிஞ்சு மறுநாளே வீட்டுக்கு வந்துருச்சுங்க. துர்கா மட்டும் பல நாளு கண்ணு குழி விழுந்து கெடந்தா. ஜெயந்தி தெனமும் போயி வார்டுக்கு வெளிய நிப்பா, உள்ள போகமாட்டா. சாமி புண்ணியத்துல புள்ள பொழச்சு வந்துச்சு.

புள்ளைங்க பொழச்சதும் சனத்துக்கு வாய் வந்துருச்சு. 'நஞ்சு வச்சவ', நான் நெனச்ச அதே பேரு. குழாயடியில இவ போனா பேச்சு நின்னுரும். பங்களாவுல தேத்தண்ணி ஊத்திக் குடுத்தா, "இப்பதான் குடிச்சேன்"னு கூட வேலை பாக்குறவனே சொல்லுவான். ஒரு நாள் அவன நல்லா வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். என்ன பிரயோசனம்? பயத்த ஏசித் தொரத்த முடியுமா?

வெங்காயத்த எல்லாம் புடுங்கி எறிஞ்சுரலாம்னா ஜெயந்தி. நான் விடல. "எறிஞ்சா நீ என்னமோ வேணும்னே செஞ்ச மாதிரி ஆயிரும்"னேன். பாத்தி முழுக்கத் தோண்டினோம். ஒவ்வொரு கிழங்கா, தாள நசுக்கி மணந்து பிரிச்சோம். கொஞ்சம் மணந்ததும் மூக்கு மரத்துப் போயிரும், அப்ப கைய மண்ணு போட்டுத் தேச்சுக் கழுவிட்டு, எந்திரிச்சு நடந்துட்டு வந்து பாக்கணும். மழைப்பூவ பங்களாவோட அந்தக் கோடிக்கு, கேட் பக்கம் மாத்திட்டோம். நீங்க கிழங்கு கொண்டு போறப்ப இந்த வேலைய என் மொன்னாலயே செஞ்சுட்டுத்தான் போகணும். என் பாத்தி சுத்தம்தான், ஆனா என் வார்த்தைய நம்பாதீங்க, ஒங்க மூக்க நம்புங்க.

அடுத்த ஐப்பசி வந்துச்சு. மகேஸ்வரி புருஷனுக்கு வருஷத் தெவசம். பாத்தியில தண்டு எழும்பி மொட்டு வச்சிருந்த நேரம். மகேஸ்வரி துர்காவக் கையில புடிச்சுக்கிட்டு மேல ஏறி வந்தா. ஜெயந்தி பாத்துட்டு மம்பட்டியக் கீழ போட்டுட்டு அப்படியே நின்னுட்டா.

"ஜெயந்தியக்கா, தெவசத்துக்கு நீங்கதான் சமைக்கணும்."

"வேணாம் மகேசு. ஊரு வாயில விழ எனக்குத் தெம்பில்ல."

"படையலுக்கு எங்க நாத்தனா வெங்காயம் சேக்காமத் தனியா சமைக்கிறா. பந்திக்கு நீங்க. இந்தத் தாளையும் வெட்டிச் சுண்டணும்."

"பைத்தியமா ஒனக்கு?"ன்னு நானே கத்திட்டேன். "சுத்தி வளைச்சு இதத்தான் வைக்கணுமா?"

"இத வைக்காட்டி, இவங்கள இன்னும் நம்பலன்னுதானே அக்கா அர்த்தம்"னா மகேஸ்வரி. நான் போயி கூடைய எடுத்துக்கிட்டு வந்தேன்.

தெவசத்தன்னைக்கு ஜெயந்தி ஒவ்வொரு தாளாக் கிள்ளினா. ஒவ்வொன்னா நசுக்கினா, மணந்தா, என்கிட்ட நீட்டினா. நானும் மணந்தேன். கட்டாக் கட்டவேயில்ல.

பந்தியில எல்லாரும் ஒக்காந்தாங்க. சோறு போச்சு, பருப்பு போச்சு. சுண்டல் எலையில விழுந்ததும் கையெல்லாம் நின்னு போச்சு. தலையக் குனிஞ்சு சோத்தப் பெசைஞ்சுக்கிட்டே இருக்காங்க. ஜெயந்தி கையில தாச்சியோட வரிசைக்கு நடுவுல நிக்கிறா. ஓடிப் போயிரலாமான்னு அவ கண்ணு வாசலப் பாக்குது.

மகேஸ்வரி மகளக் கூப்பிட்டா. எல்லாருக்கும் தெரியிற மாதிரி நடுவுல ஒக்கார வச்சு, எலை போட்டு, "இவளுக்கு வைங்கக்கா"ன்னா.

ஜெயந்திக்குக் கரண்டி தூக்க முடியல. புள்ள நிமிந்து அவளப் பாத்துச்சு.

"அத்தை, இதுல அது இருக்கா?"

"இல்ல கண்ணு. ஒன்னொன்னாப் பாத்தேன்."

"அப்ப வைங்க."

வச்சா. புள்ள அள்ளி வாயில போட்டுச்சு, மென்னுச்சு, முழுங்குச்சு. மகேஸ்வரி அசையாம அந்தப் புள்ள தொண்டையவே பாத்துக்கிட்டு நின்னா. அவளுக்கும் பயந்தான், ஏன் இருக்காது, பெத்தவ இல்லையா. அதுக்கப்பறம் துர்கா பக்கத்துல இருந்த பெரியவரு ஒரு வாய் எடுத்தாரு. அவருக்குப் பக்கத்துல இருந்தவங்க எடுத்தாங்க. பந்தி முழுக்கச் சாப்பிட ஆரம்பிச்சுது.

ஜெயந்தி தாச்சிய என் கையில குடுத்துட்டு லயத்துக்குப் பின்னால போயிட்டா. நானும் போனேன். சுவத்தப் புடிச்சுக்கிட்டு, ஒரு வருஷம் அடக்கி வச்சிருந்ததெல்லாம் சேத்து ஓன்னு அழுதா. நான் தேத்தல, பக்கத்துல நின்னேன்.

உள்ள இருந்து ஒரு பொம்பள சத்தம் போட்டா. "ஏ ஜெயந்தி! சுண்டல் இன்னும் கேக்குறாங்க, எங்க போயி நிக்கிற?"

முந்தானையில மூக்கத் தொடச்சுக்கிட்டு உள்ள போனா.